மாணாக்கர்க்குத் துணையாவார் யார்?

(சங்கத்தின் கல்வி நிதி ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்பேரவையின்கண் சில சொற் கூறுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தபொழுது யாம் முதற்கண் தயங்கினோம். எமது பயிற்சி தமிழ் இலக்கண இலக்கியங்களின் அளவில் நின்றது. இன்று எடுத்துக்கொண்ட பொருளோ கடல்கடந்த நாடொன்றின் சர்வகலாசாலையைப் பற்றியது. ஆயினும், இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கரோடு பழகிவரும் ஒருவனுக்கு அப்பொருளைப்பற்றிப் பேச ஒருசிறிது உரிமை உண்டென்னும் துணிவினால் ஈண்டு நிற்கின்றோம். குற்றம் களைந்து குணம் கொள்ளுமாறு அவையோரை வேண்டுகின்றோம்.

யாம் பேசப் புகுந்தது எட்மண்ட் கிரிப்பித் வில்லியம்ஸன் என்னும் அமெரிக்கப் பெரியாரைப்பற்றி. அவர் 1941 முதல் 1969 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், மின்னஸோட்டா சர்வகலாசாலையில் மாணாக்கர் நலங்காக்கும் டீனாக வீற்றிருந்தவர். உளநூற் பேராசிரியராகவும் விளங்கினார். எனினும் அவர் பெயர் நிலைபெற்றது பாடஞ்சொன்ன சிறப்பினால் அன்று. பாடங்கேட்க வந்தவன் இடைவழியில் வீழ்ந்துவிடாமற் கரையேறுதற்கு ஒரு முறை வகுத்து, அம்முறையை ஒரு பெரிய சர்வகலாசாலையில் நடத்தியும் காட்டிய சிறப்பினாலேயாம்.

இப்பொருளை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை மறையாது கூறிவிடுதலே முறை. சில ஆண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். அவன் தந்தையார் எம்மிடம் வந்து, 'ஐயா, பையனை எதிற் சேர்க்கலாம்?' என்று கேட்டார். யாம் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை நோக்கினோம். கணிதத்தில் நிறைந்த எண் இருந்தது. 'பொறியியலிற் சேர்த்துவிடுங்கள்' என்றோம். எமது ஆராய்ச்சி அவ்வளவே. நமது கல்வி நிதியிலிருந்து முதலாண்டுக் கட்டணமும் கிடைத்தது. இதே மேடையில் அவனுக்குத் துண்டு போர்த்திப் பாராட்டினோம்.

முதலாண்டு முடிந்தபொழுது, மாணாக்கர் 'அரியர்' என்று வழங்கும் நிலுவைப் பாடங்கள் நான்கு அவன்பால் நின்றன. அடுத்த தீபாவளி விடுமுறையில் அவன் எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, நெடுநேரம் ஏதோ சொல்ல முயன்றான். யாம் அவனைப் பேசவிடாமல், 'மனந்தளராதே. இன்னும் ஊக்கமாகப் படி. எல்லாம் சரியாகும்' என்று வாழ்த்தி அனுப்பினோம். பொங்கலுக்குள் அவன் கலாசாலையை விட்டு நீங்கினான். ஆங்கிலத்தில் நிகழ்ந்த விரிவுரை அவனுக்கு விளங்கவில்லை என்பதும், விடுதிச் செலவின் பொருட்டு இரவில் ஒரு கடையிற் கணக்கெழுதினான் என்பதும், அவன் உள்ளம் நாடியது வேறொரு படிப்பே என்பதும் யாம் பின்னரே அறிந்தோம். பொருள் கொடுத்த சங்கத்தின்மேற் குற்றமில்லை, பையன்மேலும் குற்றமில்லை. அவனை அறிந்தவனென்று நம்பி அவன் தந்தை கேட்டது எம்மை. யாமோ அவனை அறியாமலே விடை கூறினோம். இக்குறை எம் நெஞ்சை உறுத்திய காலத்தில்தான் வில்லியம்ஸனது பணியைப்பற்றி யாம் படிக்க நேர்ந்தது.

நிற்க. அவர் தோன்றிய காலத்து நிலைமையைச் சிறிது கூறுதல் வேண்டும். அந்நாட்டில் மாகாண அரசினரால் நடத்தப்பெறும் சர்வகலாசாலைகள், அம்மாகாணத்து உயர்தரப் பள்ளிகளில் தேறிவந்தவர்க்குக் கதவை அகலத் திறந்துவைத்தன. உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் திரள்திரளாகச் சேர்ந்தனர். சேர்ந்தவருட் பலர் முதலாண்டிலேயே தவறி வெளியேறினர். வாயில் அகன்றிருந்தது; உள்ளே வழிகாட்டுவார் இல்லை.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன. 1908-இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர், இளைஞர் தமக்கேற்ற தொழிலைத் தெரிந்துகொள்ள உதவும் நிலையம் ஒன்றை நிறுவினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டனையும் பொருத்திப் பார்த்துத் துணிதல் என்னும் மூன்றே அவர் கூறிய நெறி. அவர் அவ்வாண்டிலேயே காலமானார். அவரது நூல் 1909-இல் வெளிவந்தது. மின்னஸோட்டாவிலோ ஜான் ஜான்ஸ்டன் என்னும் கலைக்கல்லூரி டீன், பள்ளியில் ஒரு மாணாக்கன் பெற்ற வரிசையையும் ஒரு திறனாய்வுச் சோதனையின் எண்ணையும் கூட்டி நோக்கி, அவன் கலாசாலையில் தேறுவானா தவறுவானா என்று முன்கூட்டியே கணிக்கும் வழியைக் கண்டார். கணிப்பு ஒருவாறு பலித்தது. ஆயினும், தவறுவான் என்று கணிக்கப்பெற்றவனை யாது செய்வது? வாராதே என்று தடுப்பதா, வந்தவனைத் தாங்குவதா? இவ்வினாவே நாம் இன்று கேட்கும் கதையின் உயிர்நிலை.

வில்லியம்ஸன் 1900-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாகாணத்து ராஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். 1925-இல் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். பின்னர் மின்னஸோட்டா சென்று டொனால்ட் பாட்டர்ஸன் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பாட்டர்ஸன் மனிதர்தம் திறங்களை அளந்தறியும் கலையில் வல்லவர். நூலறிவு ஒன்றே திறமன்று. பொறிகளைக் கையாளும் திறமும், எழுத்துவேலையில் விரைவும் திருத்தமும், விரல்நயமும் தனித்தனித் திறங்களே என்று கொண்டு அவற்றை அளக்கும் சோதனைகளை வகுத்தவருள் அவர் ஒருவர். அக்காலம் அமெரிக்காவில் 1929-இற்குப்பின் வந்த பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வேலையிழந்தோர் பலரைச் சோதித்து, அவர்க்கேற்ற தொழில் யாதென்று ஆராயும் பணியும் மின்னஸோட்டாவில் நடைபெற்றது. படித்துமுடித்தவனுக்கே வேலை இல்லாத நாளில், இடையிற் படிப்பை விட்டவன் கதி யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இச்சூழலில் 1932-இல் சர்வகலாசாலைச் சோதனை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு இளைஞராகிய வில்லியம்ஸன் தலைவராயினார். 'சோதனை நிலையம்' என்பது பெயரேயாயினும், அங்கு நிகழ்ந்தது சோதனை மட்டுமன்று. தன் குறை இன்னதென்று அறியாது கலங்கிய மாணாக்கன் அங்கு வந்து, ஓர் ஆலோசகர்முன் அமர்ந்து, தன் நிலையைக் கூறலாம். இவ்வனுபவத்திலிருந்தே, ஜான் டார்லி என்பாரோடு சேர்ந்து 1937-இல் ஒரு நூலும், தாம் தனியே 1939-இல் மாணாக்கர்க்கு ஆலோசனை கூறும் முறையைப்பற்றி மற்றொரு நூலும் வில்லியம்ஸன் எழுதினார்.

அவர் வகுத்த முறை ஆறு படிகளையுடையது. முதலாவது, மாணாக்கனைப்பற்றிய செய்திகளைப் பலவிடத்திலிருந்தும் திரட்டுதல்: மதிப்பெண், சோதனையெண் இவற்றோடு, குடும்பம், உடல்நலம், பொருள்நிலை, விருப்பம், பழக்கம் என்பனவும் இதில் அடங்கும். இரண்டாவது, திரட்டியவற்றை ஒருங்கு தொகுத்து, அவனது வலிமையும் மெலிவும் புலப்பட நோக்குதல். மூன்றாவது, குறை இன்னது, அதன் காரணம் இன்னது என்று துணிதல். நான்காவது, இந்நிலை நீடித்தால் வருவது யாதென்று கணித்தல். ஐந்தாவது, அவனோடு கூடியிருந்து ஆலோசித்தல். ஆறாவது, ஆலோசனை பயன்பட்டதா என்று பின்தொடர்ந்து காணுதல்.

அன்பர்களே! இவ்வாறனுள் யாம் பெரிதும் போற்றுவது வரிசையினையே. முன்கணிப்பு இவர்க்கு முடிந்த முடிபன்று, நான்காம் படியே. அதன்பின் இன்னும் இரண்டு படிகள் உள. 'இவன் தவறுவான்' என்று கணித்த இடத்தில் ஒருவர் ஏட்டை மூடிவிடலாம். அவ்விடத்திலேதான் வேலை தொடங்குகிறது என்று கருதியவர் வில்லியம்ஸன். ஆறாவது படியோ நம்மில் எவரும் ஏறாத படி. யாம் எம் மாணாக்கனுக்கு முதற்படியை அரைகுறையாக ஏறி, இடையிலுள்ள மூன்றனையும் தாண்டி, ஐந்தாவதற்குக் குதித்தோம். ஆறாவதை நினைத்தும் பார்த்திலேம்.

இனி, தொழிலும் படிப்பும் தெரிந்துகொள்ளும் வகையில் மாணாக்கர்க்கு வரும் இடர்களை அவர் நான்காகப் பகுத்தார். எதனையும் தெரிந்துகொள்ளாமல் நிற்பது ஒன்று. தெரிந்துகொண்டும் அதில் உறுதியின்றி ஐயுற்றுக் கலங்குவது மற்றொன்று. தன் திறத்துக்குப் பொருந்தாததைத் தெரிந்துகொள்வது மூன்றாவது. விருப்பம் ஒருபாலும் திறம் ஒருபாலுமாக இழுக்க, நடுவே இடர்ப்படுவது நான்காவது. இந்நான்கிற்கும் மருந்து வெவ்வேறு. ஐயுறுபவனுக்குச் செய்தி வேண்டும். பொருந்தாததைப் பற்றியவனுக்கு உண்மையை எடுத்துரைக்கும் நண்பன் வேண்டும். எல்லார்க்கும் 'நன்றாகப் படி' என்னும் ஒரே மருந்தைக் கொடுப்பது எத்தன்மைத்து என்பதை எம் கதையே காட்டும்.

இவ்விடத்தில் எம் தொழிற்குரிய ஒரு செய்தியைக் கூற அவையோர் இசைவு தருக. நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கர் மூவகைப்படுவர். அன்னத்தையும் பசுவையும் போல்வார் முதல் மாணாக்கர்; மண்ணையும் கிளியையும் போல்வார் இடை மாணாக்கர்; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை இவற்றைப் போல்வார் கடை மாணாக்கர். எம்மைப்போல் இந்நூலை மனப்பாடம் செய்தோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்பிற் புகுந்த ஒரு திங்களுக்குள், இவன் கிளி, இவன் எருமை என்று மனத்தினுள்ளே எழுதிவிடுவோம். எழுதியதைப் பின் அழிப்பதில்லை. இது நூலின் குற்றமன்று. கேட்பவனது கொள்ளுந்திறன் அறிந்து ஆசிரியன் கற்பிக்க வேண்டுமென்றும் அதே நூல் விதிக்கின்றது. முன்னதை நாம் கொண்டோம், பின்னதை மறந்தோம். வில்லியம்ஸனது நாற்பகுப்போ மாணாக்கனைப் பகுப்பதன்று. அவனுக்கு நேர்ந்த இடரைப் பகுப்பது. இவன் இன்னான் என்று கூறிவிட்டால் அவனை மாற்றுதற்கில்லை. இவனுக்கு இன்ன இடர் வந்தது என்றாலோ, அவ்விடர் நீங்கியபின் அவன் நடந்துசெல்லலாம். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளவே எமக்கு இருபதாண்டு ஆயிற்று.

ஆலோசனை கூறும் வகையும் மூன்றென்று அவர் எழுதினார். தம் கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுதல் ஒன்று. சான்றுகளை முறையாக அடுக்கி, மாணாக்கனே முடிவைக் காணுமாறு இணங்குவித்தல் மற்றொன்று. அவனைப்பற்றிக் கண்ட செய்திகளின் பொருளைப் பொறுமையோடு விளக்கி, எவ்வெவ் வழியிற் சென்றால் எவ்வெவ் விளைவு கூடும் என்று காட்டுதல் மூன்றாவது. முதல்வகை, ஒளிவுமறைவற்ற கருத்தை வற்புறுத்திக் கேட்கும் நெஞ்சுரமுடையவர்க்கும், பெருந்தவற்றை நோக்கி விடாப்பிடியாகச் செல்பவர்க்குமே உரியது. விளக்கிக் காட்டும் மூன்றாம் வகையே சாலச் சிறந்ததென்பது அவர் துணிபு. அதற்கு நேரம் மிகுதியாகச் செல்லும். ஆயினும் செலவிடத்தக்க நேரமே அது.

இவர் கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. அம்மறுப்பு இவரது சர்வகலாசாலையிலேயே முழங்கிற்று. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் கார்ல் ராஜர்ஸ் என்னும் உளநூலறிஞர் மின்னஸோட்டாவுக்கு வந்து ஒரு சொற்பொழிவு செய்தார். அறிவுரை கூறுவதும், கேள்விமேற் கேள்வி கேட்பதும், குறை இன்னதென்று தீர்ப்பளிப்பதும் வேண்டா. வந்தவன் பேசுவதை முழுமனத்தோடு கேட்டு, அவன் உணர்ச்சியை உணர்ந்து ஏற்றுக்கொண்டால், தன் வழியைத் தானே காணும் ஆற்றல் அவனிடத்தே உண்டு என்பது அவர் கொள்கை. அச்சொற்பொழிவு பெருங் கலக்கத்தை விளைத்தது. தம் முறை பிறந்த நாள் ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் அந்நாளையே சுட்டலாம் என்று ராஜர்ஸ் பிற்காலத்திற் கூறினார். 1942-இல் வெளிவந்த அவரது நூல் அமெரிக்க நாடெங்கும் பரவியது. பிந்திய தலைமுறையினர் பலர் ராஜர்ஸின் பக்கமே சாய்ந்தனர்.

இவ்விருவருள் யார் கூறியது சரி என்று தீர்ப்பளிக்க யாம் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று கூறுவோம். எம் மாணாக்கன் திண்ணையில் வந்தமர்ந்த நாளில் ராஜர்ஸ் கூறிய செவி எம்மிடம் இருந்ததில்லை. அவன் தந்தை வந்து கேட்ட நாளில் வில்லியம்ஸன் கூறிய அறிவு எம்மிடம் இருந்ததில்லை. கேளாமற் கூறுவது குருட்டுத்தனம். அறிந்ததை அறிந்தவன் கூறாமல் இருப்பதும் சில சமயங்களில் வஞ்சனையாகிவிடும். பெருநகரத்துப் பிள்ளைக்குத் தன் வழியைத் தானே காண நூறு துணைகள் உள. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைப் படியேறும் பிள்ளைக்கு, எத்தனை படிப்புகள் உள என்பதையே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ? முதலிற் கேட்டல், பின்னர் அறிதல், அதன்பின் விளக்குதல் என்று கொண்டால் இருவரும் ஒருவர்க்கொருவர் பகைவராகார்.

1937-இல், அமெரிக்கக் கல்வி மன்றத்தின் சார்பாக அறிஞர் பலர் கூடி, மாணாக்கர் நலப்பணியின் நோக்கத்தைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். வில்லியம்ஸனது ஆசிரியராகிய பாட்டர்ஸனும் அக்குழுவில் இருந்தார். மாணாக்கன் என்பவன் ஒரு மூளை மட்டும் அல்லன். உடல், உள்ளம், குடும்பம், பொருள்நிலை, தொழில் நாட்டம், ஒழுக்கம் அனைத்தும் கூடிய முழு மனிதன். அம்முழு மனிதனையே கலாசாலை நோக்கவேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். 1949-இல் அதனைத் திருத்தி விரித்த குழுவுக்கு வில்லியம்ஸனே தலைவர்.

இடையில் 1941-இல் அவர் டீன் பதவியை ஏற்றார். அவர்க்கு முன் 1917 முதல் மாணாக்கர் காரியங்களுக்கு டீனாக இருந்தவர் எட்வர்ட் நிக்கல்ஸன் என்பவர். அவர் மாணாக்கரது அரசியற் கூட்டங்களை வேவுபார்த்துப் பெயர்ப்பட்டியல்கள் தொகுத்துவைத்தமையும், அவற்றில் யூத மாணாக்கரைக் குறித்துக்காட்டியமையும், சர்வகலாசாலை ஆவணங்களைக்கொண்டு 2017-இல் நடத்தப்பெற்ற ஒரு கண்காட்சியால் உலகறிந்தன. அவர் பெயர் தாங்கிய கட்டிடத்தின் பெயரை மாற்றவேண்டுமென்று எழுந்த கிளர்ச்சியை 2019-இல் ஆட்சிக்குழுவினர் ஏற்காது விடுத்தனர். இதனை யாம் கூறுவது எவரையும் பழித்தற்கன்று. மாணாக்கனைப்பற்றி ஏடு எழுதிவைத்தல் என்னும் செயல் இருபுறமும் கூருடைய கத்தி. அவன் வீழாமற் காத்தற்கும் ஏடு உதவும். அவனை வீழ்த்துதற்கும் உதவும். எழுதுபவனது நோக்கமே இரண்டனையும் பிரிப்பது.

ஒழுங்கு நடவடிக்கையிலும் வில்லியம்ஸனது நோக்கம் புலப்படும். பிழை செய்த மாணாக்கனைத் தண்டித்து வெளியேற்றுவதோடு அலுவலகத்தின் வேலை தீர்ந்ததென்று அவர் கொள்ளவில்லை. பிழைக்குக் காரணம் கண்டு, அவனைத் திருத்தி நிலைநிறுத்தலே ஒழுங்கின் பயன் என்று வாதித்தார். இதனைப்பற்றி 1949-இல் போலி என்பாருடன் சேர்ந்து ஒரு நூலும் இயற்றினார். மாணாக்கரது கருத்துரிமையைப்பற்றிய ஆராய்ச்சி நூலொன்றைக் கோவன் என்பாருடன் சேர்ந்து 1966-இல் வெளியிட்டார். 1969-இல் ஓய்வுபெற்றுப் பத்தாண்டு கழித்து 1979-இல் காலமானார்.

'இம்முயற்சியாற் பயன் விளைந்ததா?' என்று கேட்பார்க்கு விடையுண்டு. வில்லியம்ஸனும் அவர் துணைவர் போர்டினும், 1930-களில் ஆலோசனை பெற்ற மாணாக்கரையும், திறத்திலும் பிறவற்றிலும் அவரை ஒத்து ஆலோசனை பெறாத மாணாக்கரையும் இணையிணையாக வைத்து ஒப்பிட்டனர். ஆலோசனை பெற்றவர் படிப்பில் மேம்பட்டிருக்கக் கண்டனர். இருபத்தைந்து ஆண்டுகட்குப் பின் டேவிட் கேம்பல் என்பவர் அதே மனிதரை மீளவும் தேடிக் கண்டு ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆலோசனை பெற்றவருள் பட்டம் முடித்தவர் மிகுதி. நடுவயதில் வாழ்க்கை நிலையிற் கண்ட வேறுபாடு சிறிதே, ஆயினும் அது ஆலோசனை பெற்றவர் பக்கமே சாய்ந்திருந்தது. மிகைபடக் கூறாத இம்முடிபையே யாம் மதிக்கின்றோம். ஆலோசனை ஒருவனது வாழ்வைத் தலைகீழாக மாற்றிவிடுவதில்லை. தொடங்கிய படிப்பை முடிக்கச் செய்கின்றது. எம் மாணாக்கனுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவே.

வில்லியம்ஸன் நடந்த நெறியின் பிற்கால வளர்ச்சியையும் சுருங்கக் கூறுவோம். அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா ஸ்டேட் சர்வகலாசாலையில் வறிய குடும்பத்து மாணாக்கர் மிகுதி. 2003-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்குச் சேர்ந்தவருள் ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு 32 பேரே. 2012 முதல் அவர்கள் கணினியின் துணைகொண்டு, இடருக்கு அறிகுறியாகிய 800-க்கு மேற்பட்ட செய்திகளை மாணாக்கர் ஒவ்வொருவர் வகையிலும் நாடோறும் நோக்கலாயினர். ஓர் அடிப்படைப் பாடத்திற் குறைந்த எண் பெறுதல், பொருந்தாத வகுப்பிற் பதிவுசெய்தல் போன்ற குறி தோன்றியவுடனே ஓர் ஆலோசகர் அம்மாணாக்கனை அழைத்துப் பேசுவார். இதனோடு, கட்டணத்திற் சில நூறு டாலர் குறைந்தமையாற் பெயர் நீக்கப்பெறும் நிலையிலிருந்தவர்க்கு, அவர் கேளாமலே அத்தொகையைக் கொடுத்துதவும் திட்டமும் 2011-இல் தொடங்கியது. சின்னாட்களில் பட்டம் பெறுவோர் தொகை பாதியைக் கடந்தது. அங்கும் கணினி காட்டுவது குறியை மட்டுமே. அழைத்துப் பேசுபவர் மனிதரே.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. மேரிலாந்து மாகாணத்து மவுண்ட் செயிண்ட் மேரீஸ் சர்வகலாசாலையில், புதிதாகச் சேர்ந்த மாணாக்கரிடம் வினாத்தாள் கொடுத்து விடை பெற்று, தவறக்கூடியவரை முன்னரே அறிந்து, தொகைக் கணக்கு எடுக்கும் நாளுக்குள் அவரை வெளியேறச் செய்துவிடலாம் என்று அதன் தலைவர் திட்டமிட்டார். அவ்வாறு செய்தால், சேர்ந்தோர் பெரும்பாலும் நிலைத்து நிற்பதாகக் கணக்குக் காட்டலாம் அன்றோ? பேராசிரியர் சிலர் உடன்படாது தடுத்தனர். செய்தி 2016-இல் வெளியாகவே, தலைவர் பதவியை விட்டு நீங்கினார். ஜார்ஜியாவிலும் முன்கணிப்பு, மேரிலாந்திலும் முன்கணிப்பு. முன்னது மாணாக்கனைக் காத்தற்கு. பின்னது கணக்கைக் காத்தற்கு.

பெரியோர்களே! நம்மிடம் சோதனை நிலையம் இல்லை, கணினியும் வேண்டுவதில்லை. நமது கல்வி நிதி ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டணத்தோடு மூன்று செயல்களைச் சேர்க்குமாறு மட்டும் வேண்டுகின்றோம்.

நிதி பெறும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் துணையாக அமைதல் வேண்டும். அவர் கலாசாலைப் படிப்புடையவராக இருந்தால் நன்று. இல்லையாயினும் குற்றமில்லை, கேட்கும் பொறுமை இருந்தாற் போதும். இஃது ஒன்று. ஒவ்வொரு பருவத் தேர்வின் முடிவு வந்தவுடனும் அவர் அவனை நேரிற் கண்டு, மதிப்பெண்ணை வினவுமுன், உணவு, உறையுள், உடல்நலம், கையிற் பணம், பாடம் விளங்கும் மொழி, மனத்தின் நாட்டம் இவற்றை வினவுதல் வேண்டும். இஃது இரண்டாவது. அவர் அறிந்தவற்றை வேறெவர்க்கும் வெளியிடாது, அவனுக்கு உதவும் அளவுக்கே நிதிக் குழுவினருக்கு மட்டும் கூறுதல் வேண்டும். இஃது மூன்றாவது. கொடுத்த பணம் என்னாயிற்று என்று ஆண்டறிக்கையிற் கணக்குக் கேட்கின்றோம். கொடுக்கப்பெற்ற பிள்ளை என்னானான் என்றும் கேட்போமாக.

மாணவச் செல்வர்களே! உங்களுக்கும் ஒரு சொல். பாடம் விளங்கவில்லை என்று கூறுதல் இழிவன்று. தெரிந்துகொண்ட படிப்பு பொருந்தவில்லை என்று உணர்தலும் தோல்வியன்று. அது வில்லியம்ஸன் பகுத்த நான்கு இடர்களுள் ஒன்று, அவ்வளவே. அதற்கு வழியுண்டு. முதலாண்டிலேயே வாய்திறந்து கூறுங்கள். உங்கள் ஆசிரியர் எம்மைப்போல் இடைமறித்து வாழ்த்தத் தொடங்கினால், 'ஐயா, இன்னும் முடிக்கவில்லை' என்று பணிவோடு கூறி, முடியுமட்டும் கூறுங்கள்.

எம் மாணாக்கன் இன்று ஒரு கடையிற் கணக்கனாக இருக்கின்றான். தொலைநிலைக் கல்வி வாயிலாக வணிகவியல் படிக்கலாமா என்று கேட்கச் சென்ற திங்கள் எம் இல்லத்துக்கு வந்திருந்தான். அதே திண்ணையில் அமர்ந்தான். யாம் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. 'சாப்பிட்டாயா? வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? படிக்க நேரம் எப்பொழுது கிடைக்கும்?' என்று வினவி, அவன் கூறியதை இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருமாறு கூறியனுப்பினோம். அவனும் தவறாது வந்தான். காலங்கடந்த செயலே ஆயினும், ஆறாவது படியில் இப்பொழுதுதான் காலெடுத்து வைத்திருக்கின்றோம்.